ஆறேகாலுக்கு மூழ்கிய படகு

நடந்தவை, வரிசையாக:

1. என் மூத்த சகோதரர், நானா, கட்டாருக்கு வேலைக்குப் போனார்.
2. மூன்றாம் மாதம் ஒரு ஒன்லைன் கேமின் அசல் கொப்பி இரண்டை வாங்கினார். ஒன்று தனக்கு, மற்றது எங்கள் கடற்கரை ஊரான மாம்புரியில் இருந்த எனக்கு.
3. இருவரும் சேர்ந்து அதில் ஒரு மீன்பிடிப் படகு கட்டினோம்.
4. படகு மூழ்கியது. மறுபடி கட்டினோம். மறுபடி மூழ்கியது.
5. அசலை விட்டுவிட்டுப் பழைய கள்ளக் கொப்பிக்கே போகப்போவதாக நானா சொன்னார்.

ஐந்தாவதுதான் என்னைப் பயமுறுத்தியது. கள்ளக் கொப்பிக்கு சேர்வர் கிடையாது. ஒரே கணினியின் முன் இருப்பவர்கள்தான் சேர்ந்து விளையாடலாம். வெள்ளிக்கிழமை அழைப்பில் நானா உம்மாவோடுதான் கதைப்பார். என்னிடம் "படிப்பு எப்படி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். படகில் இருக்கும்போது மட்டும் அறைக்காரனின் குறட்டை, வெயில், சோறு என்று எல்லாம் அவர் பேச்சில் வரும்.

கள்ளக் கொப்பி அவர் இங்கே இருந்த காலத்தில் புத்தளம் டவுனில் ஒரு கடையில் வாங்கியது. ஒரே கதிரையில் பாதிப் பாதியாக உட்கார்ந்து விளையாடுவோம். கீபோர்டின் இடது பக்கம் அவருக்கு, வலது பக்கம் எனக்கு. அவர் சுக்கான் பிடிப்பார், நான் வலை போடுவேன். என் முழங்கை இடித்தால் படகு பாறையில் மோதும், அவர் என் தலையில் குட்டுவார். அந்தக் கதிரையின் ஒரு கால் ஆடும் விதம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"காசு குடுத்தவனுக்கு ஓட்டப் போட், களவா எடுத்தவனுக்கு நல்ல போட். இது என்ன நியாயம் புள்ள?" என்றார் நானா.

"களவு களவுதானே நானா. நானும் நாளைக்கு புரோகிராம் எழுதித்தான் சாப்பிடப் போறன்."

"இந்த கேம் செஞ்சவன் கடலையே பாக்காம எழுதியிரிக்கான். நேத்து போட் தென்னமரத்துல ஏறி நிண்டிச்சே. மாம்புரியில எந்தப் போட் அப்படி ஏறுது?"

ஒரு மாதம் தாருங்கள், பிழைகளை ஒழுங்காக எழுதி கேம் செய்தவர்களுக்கு அனுப்புகிறேன் என்றேன். அட்டவணை போட்டேன்: திகதி, நேரம், நடந்தது. மாத முடிவில் இருபத்துமூன்று வரிகள். அவற்றில் பதினேழு, என் இணைப்பு அறுந்து படகு மூழ்கியவை. முதலாவது மாலை ஆறேகாலுக்கு. பிறகு ஆறு பத்து, ஆறு ஐந்து என்று நாளுக்குக் கொஞ்சமாக முன்னால் நகர்ந்திருந்தன.

எந்த சேர்வர் அப்படி நகர்ந்து நகர்ந்து விழும்? நிமிர்ந்தபோது சுவரில் பள்ளிவாசல் கலண்டர். மஃரிப் என்னும் அந்தித் தொழுகையின் நேரங்களைப் பார்த்தேன். பதினேழும் பொருந்தின.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் படகை நடுக்கடலில் அப்படியே விட்டு, கைகால் முகம் கழுவி ஒழு எடுக்கப் போவது என் வழக்கம். தொழுதுவிட்டு வரும்போது படகு போயிருக்கும். சும்மா நிற்பவர்களை கேம் வெளியேற்றுகிறது என்றே நினைத்திருந்தேன்.

"உம்மா, பாங்கு நேரம் ரவுட்டர நிப்பாட்டுறீங்களா?"

"ஓம், பின்ன? பாங்கு சொல்லக்குள்ள அது கண்ணச் சிமிட்டிக்கிட்டு நிக்கணுமா? தொழுதுட்டுப் போடுறன்தானே."

"எப்பயிலேந்து?"

"ஒங்கட நானா போனதுலேந்து. முந்தி அவனே நிப்பாட்டுவான். போகக்குள்ள என்னட்ட நிப்பாட்டச் செல்லிட்டுத்தான் போனான்."

நானாவிடம் சொன்னேன்.

"அப்ப எங்கட போட்ட மூழ்கடிச்சது நான்தானா?"

"பதினேழு தரம்."

சிரித்தார். பிறகு விடவில்லை. "மிச்சம் ஆறும் அவன்ட பிழதானே? அதுக்கு நான் ஏசுவன்."

"ஏசுங்க. ஏசிட்டு வந்து சுக்கானப் பிடிங்க."

வந்தார். அன்றிலிருந்து பாங்குக்கு ஐந்து நிமிடம் முன்னால் படகைக் கரைக்குக் கொண்டுவந்து, முறையாக வெளியேறினோம். அந்த ஆறு பிழைகளையும் அனுப்பினேன். பதில் வரவில்லை, படகும் தென்னை ஏறுவதை விடவில்லை. அப்படியே ஒன்றரை வருடம் விளையாடினோம். என் வாழ்க்கையில் நானாவோடு அதிகம் கதைத்தது அப்போதுதான்.

போன வருடம் சேர்வரை மூடிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய இரண்டு கொப்பிகளும் திறப்பதில்லை. கள்ளக் கொப்பி ஓடுகிறது. நானா எனக்கும் அனுப்பினார், நான் போட்டுக்கொண்டேன். அவர் அங்கே தனியாக விளையாடுகிறார், நான் இங்கே தனியாக விளையாடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் உம்மாவோடு கதைத்து முடித்த பிறகு, என்னோடு ஒரு பத்து நிமிடம் கதைக்கிறார்.