யாஞ்ச்மாவின் முறை

யாஞ்ச்மா அக்காவின் வேனில் ஏறுகிற யாருக்கும் முதல் மரியாதை திட்டுதான். "கதவைச் சாத்துறியா? சாத்துறதா இருந்தா இறங்கி நடந்தே போ!" மூச்சு விட்டால் இமையில் உறைந்து ஒட்டிக்கொள்ளும் குளிர். ஆனாலும் ஏரியின் மேல் போகும்போது கதவுகள் திறந்தேதான் இருக்க வேண்டும். குதிரைக் கயிற்றால் அவற்றைப் பின்னால் இழுத்துக் கட்டிவிடுவாள். ஏரி மேல் உறைந்த பனிப்பாளம் உடைந்து வண்டி உள்ளே இறங்கினால் குதிக்கக் கிடைப்பது ஒரு நொடி. அந்த நொடியில் யாரும் கைப்பிடியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் ஏரியை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அம்மா என்போம். ஜனவரியிலிருந்து அம்மா உறைந்து படுத்திருப்பாள், அவள் முதுகுதான் எங்கள் சாலை. வடகரைக்காரர்களான எங்களுக்கு ஆஸ்பத்திரி, மாவு, பெட்ரோல் எல்லாமே தென்கரையில், கத்கலில் இருக்கின்றன. குளிர்காலத்தில் கரையோரத் தடம் பனியில் புதைந்துவிடும். அதனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாளத்தின் மேல்தான் போக வேண்டும்.

போகும் வழியெல்லாம் காலுக்கடியில் பாளம் உறுமும், விம்மும். சில சமயம் யாரோ இரும்புத் தகட்டை இழுத்துக்கொண்டு ஓடுவதுபோலச் சத்தம் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை போகும். புதிதாக வருகிறவர்கள் அலறுவார்கள். அக்கா சிரிப்பாள். "அம்மா கத்துனா நல்லது. இறுகுறான்னு அர்த்தம். அவ வாயை மூடிக்கிட்டா அப்ப சாமியைக் கூப்பிடு."

அக்காவின் வீட்டுக்காரர் தம்தின் லாரி ஓட்டியவர். அந்த லாரிக்கு இடது பக்க விளக்கு மட்டும்தான் எரியும். வலது பக்க ஓட்டையை மாவு டின்னின் மூடியால் அடைத்து வைத்திருந்தார். ஊர் முழுக்க அதை ஒற்றைக்கண்ணன் என்று கேலி செய்யும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஏரியின் நடுவில் ஒரு வெடிப்பு வாய் திறந்து கிடந்ததைத் தம்தின் பார்த்துவிட்டார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெடிப்பை முதலில் பார்க்கிறவர் விளக்கைப் போட்டுக்கொண்டு அங்கேயே காவல் நிற்க வேண்டும். அடுத்து வருகிறவர் அந்தக் காவலை வாங்கிக்கொண்ட பிறகுதான் முதல் ஆள் வீட்டுக்குப் போகலாம். அன்று புயல் பிடித்துக்கொண்டது. கிளம்பிய வண்டிகள் எல்லாம் பாதியில் திரும்பிவிட்டன. தம்தினின் காவலை வாங்க யாருமே வரவில்லை. காற்று அடங்கி ஆட்கள் போய்ப் பார்த்தபோது லாரியும் இல்லை, மனிதரும் இல்லை. வெடிப்புகூட மூடிக்கொண்டு, மேலே பனி வழவழவென்று கிடந்தது.

அதற்குப் பிறகு அக்காவே வேன் வாங்கி ஓட்ட ஆரம்பித்தாள். ஏரி நடுவில் வண்டியை நிறுத்தி, மூன்று முறை ஹாரன் அடிப்பாள். "யாரும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல வண்டியை எடுப்பாள். நான் பேய் பிசாசு பார்க்கிறவள் இல்லை. பள்ளிக்கூட விடுதியில் இருநூறு பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டுகிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

இதைச் சொல்லிவிட்டுத்தான் போன குளிர்காலத்து அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

என் தங்கை செவெலுக்கு ஒரு மாதம் முன்னாடியே வலி கண்டுவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கத்கலுக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று நர்ஸ் கையை விரித்துவிட்டாள். காற்று ஏற்கனவே கிளம்பியிருந்தது. அக்கா வானத்தைப் பார்த்தாள், செவெலின் முகத்தைப் பார்த்தாள், வேனின் கூரையில் இரண்டு பலகைகளை ஏற்றிக் கட்டினாள். ஏரியின் விளிம்பில் முதல் கோப்பைப் பாலை அம்மாவுக்குத் தெளித்தாள். முன்சீட்டில் நான், பின்னால் ஆட்டுத்தோலுக்குள் செவெல், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் புருஷன் கல்சன்.

கல்சன் நல்லவன்தான், வாய் மட்டும் ஓயாது. "ஏன்க்கா இப்படி மாட்டு வண்டி மாதிரி உருட்டுறீங்க? ஸ்டியரிங்கை என்கிட்ட குடுங்க, இந்நேரம் கத்கல்ல டீ குடிச்சிருப்போம்."

"வேகமாப் போனா வண்டிக்குக் கீழே தண்ணி அலையா எழும்பி முன்னாடி இருக்கிற பாளத்தை உடைக்கும். தெரியுமா மாப்பிள்ளை?"

"தெரியாமலா? வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் நான்."

"சந்தையில ஆடு ஓட்டுனதைச் சொல்றியா?" என்றேன். வலியிலும் செவெல் சிரித்துவிட்டாள்.

நண்பகல் தாண்டியதும் வானம், பாளம் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்டது. வழிக்கு அடையாளமாக நட்டிருந்த பைன் கிளைகளைக் காற்று பிடுங்கிப் போயிருந்தது. நாங்கள் போகிறோமா, நிற்கிறோமா என்றுகூடத் தெரியவில்லை. அக்கா தலையைக் கதவுக்கு வெளியே நீட்டிப் பாளத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

திடீரென்று சத்தம் நின்றுவிட்டது.

காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கீழே ஒன்றுமில்லை. உறுமல் இல்லை, விம்மல் இல்லை. யாரோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு மௌனம். அக்கா ஹாரனில் கையை வைத்தாள், அடிக்கவில்லை.

"அதோ லைட்டு!" கல்சன் எம்பினான். "வண்டிக்கா! முன்னாடி வண்டி இருக்கு! அது பின்னாடியே போயிடலாம், விடுங்க!"

எனக்கும் தெரிந்தது. வெள்ளைக்கு நடுவில் மஞ்சளாக ஒரு விளக்கு. ஒன்றே ஒன்று. எங்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. அதற்குப் பக்கத்தில், நாங்கள் பார்க்கையில் இடது புறமாக, இன்னொரு விளக்கு இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருந்தது. எதிரே நிற்கிற வண்டிக்கு அது வலது பக்கம். ஒற்றைக்கண்ணனில் டின் மூடி இருந்த பக்கம்.

அக்கா வண்டியை நிறுத்தினாள். "எத்தனை லைட்டு தெரியுது ஹோர்லோ?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஒண்ணுக்கா."

"உனக்கும் தெரியுதா?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் குரலில் நான் கேட்காத ஒரு நடுக்கம். சந்தோஷமா, பயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். பாளத்தைக் குத்திக் குத்தி அவள் நடக்க, நான் பின்னால் போனேன். கொஞ்ச தூரம் போவதற்குள் விளக்கு இல்லை. அணைந்த மாதிரியும் தெரியவில்லை, இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அக்காவின் கடப்பாரை தடால் என்று உள்ளே போயிற்று. அவள் காலடியில் பாளம் முடிந்து கறுப்புத் தண்ணீர் ஆரம்பித்தது. அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. நிறுத்தாமல் வந்திருந்தால் நாலு பேரும், பிறக்காத அந்தப் பிள்ளையும் அதற்குள்தான். எதிர்ப்பக்கம் வண்டி இல்லை, டயர்த் தடம் இல்லை.

அழுவதற்கு நேரமில்லை. வெடிப்பின் ஓரமாகவே போய் ஒடுக்கமான இடம் பார்த்துப் பலகைகளைப் போட்டோம். செவெலைக் கல்சனும் நானும் கைத்தாங்கலாகப் பலகை மேல் நடத்திக் கொண்டுபோனோம். அவள் கீழே பார்க்காமல் இருக்க, நான் விடாமல் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அக்கா வெற்று வேனை ஓட்டி வந்தாள். பலகை வளைந்தது, முறியவில்லை.

தெற்குப் பக்கம் வந்ததும் அக்கா சாவியைக் கல்சனின் கையில் வைத்தாள். "மாப்பிள்ளை, நீ ஓட்டு."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நானா? நீங்க எங்க போறீங்க?"

"நான் இங்க நிக்கணும். இன்னிக்குக் கத்கல்லேர்ந்து பெட்ரோல் லாரி வருது."

"வழியில பார்த்தா நாங்க சொல்லிடுறோம்க்கா! வாங்க!"

"இந்த மூட்டத்துல பத்தடி தள்ளிப் போனாக்கூடத் தெரியாது. மூக்குக்கு நேரா காத்தை வாங்கிக்கிட்டே போ. மெதுவா. பாளம் கத்துனா பயப்படாதே." அரிக்கேன் விளக்கை ஏற்றித் தோல் அங்கிக்குள் காற்றுப் படாமல் பிடித்துக்கொண்டாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "செத்துப் போயிடுவேக்கா! உனக்கென்ன பைத்தியமா?"

"போடி. உன் தங்கச்சியைப் பாரு."

வேன் கிளம்பியது. திறந்த கதவு வழியாக நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா தண்ணீர்ப் பக்கம் பார்த்து நின்றாள். எங்களிடம் பேசுகிற குரலே இல்லை அது, வீட்டுக்குள் பேசுகிற குரல். "ரொம்ப நாழி ஆயிடுச்சு, இல்ல? கோவிச்சுக்காதீங்க. இனி என் முறை. நீங்க போங்க."

கீழே எங்கேயோ ஆழத்தில் பாளம் ஒரு முறை உறுமியது. பிறகு வழிநெடுக அது ஓயவே இல்லை. கல்சன் வாயைத் திறக்காமல், கண்ணில் தண்ணீர் உறைய உறைய ஓட்டினான். எதிரே எந்த லாரியையும் நாங்கள் பார்க்கவில்லை. கத்கலில் செவெலின் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

பெட்ரோல் லாரி எங்களுக்கு வெகு தூரம் தள்ளித்தான் போயிருக்கிறது. இருட்டுகிற நேரத்தில், பாளத்தின் மேல் ஆடுகிற ஒரு விளக்கைப் பார்த்து டிரைவர் பிரேக்கை மிதித்திருக்கிறார். "மேலே ஏறி வா அக்கா, இனி எங்க காவல்" என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் நின்ற இடத்தை விட்டு அசைந்தாளாம். பனி தின்றதில் கால் விரல் இரண்டு போயிற்று. மறுநாள் கத்கல் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுவந்தபோது நான் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவள் திருப்பித் திட்டவில்லை. அதுவே என்னை உறுத்தியது.

இந்தக் குளிர்காலமும் அவள்தான் ஓட்டுகிறாள். போன வாரம் விடுதிக்கு மாவு வாங்க அவளோடு போனேன். கதவுகள் திறந்துதான் இருந்தன, ஏறும்போது திட்டும் கிடைத்தது. ஏரி நடுவில் நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு ஹாரனுக்குக் காத்திருந்தேன். அவள் நிறுத்தவில்லை.

"ஹாரன் அடிக்கலியாக்கா?"

"யாருக்கு அடிக்கிறது?" என்றாள். "அவரு போயிட்டாரே."

பன்னிரண்டு வருடம் கழித்து இப்போதுதான் அவள் தன் புருஷனை இழந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கதவுக்கு வெளியே ஓடுகிற வெள்ளையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாளம் உறுமிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"ஏன் சும்மா இருக்கே? ஏதாவது பேசிக்கிட்டு வாடி."