கெசாயாவைக் கேட்காத ஓட்டு

எசமான் புரூயிட் மிசூரியிலிருந்து கான்சாஸுக்கு வண்டி கட்டியபோது கெசாயாவுக்கு இருபத்தாறு வயது. வண்டியில் ஒரு கலப்பை, இரண்டு பீப்பாய் உப்புப் பன்றிக்கறி, அவள், அவள் புருஷன் ஐசம். புதுப் பிரதேசத்தில் அடிமைகளை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதை அங்கே குடியிருக்கிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று தலைநகரில் சட்டம் போட்டிருந்தார்கள். குடியிருக்கிறவன் ஆவதற்காகத்தான் புரூயிட் வந்தான். ஐசம் மரம் வெட்டினான், கெசாயா மண் குழைத்து இடுக்குகளை அடைத்தாள். வீடு எழும்பியதும் புரூயிட்டுக்கு ஓட்டும் வந்துவிட்டது.

மார்ச் கடைசியில் தேர்தல். அந்த வட்டாரத்தில் ஓட்டுள்ளவர்கள் நாற்பது பேர்கூடத் தேறமாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலமே மிசூரிப் பக்கமிருந்து இருநூறு பேர் வந்து ஓடைக்கரையில் இறங்கினார்கள். துப்பாக்கி, நீளக் கத்தி, விஸ்கி, அடையாளத்துக்குச் சட்டைப் பொத்தானில் ஒரு பிரி சணல். அவர்களுக்குச் சமைத்துப் போடுவது கெசாயாவின் வேலை, விறகு சுமப்பது ஐசமின் வேலை.

ஓட்டுப்பெட்டி தார்லி என்ற வயதான விவசாயியின் மரவீட்டில் இருந்தது, தேர்தல் அதிகாரியும் அவர்தான். வருகிறவன் இந்த ஊர்க்காரன்தான் என்று சத்தியம் செய்யாவிட்டால் சீட்டு வாங்கமாட்டேன் என்றார் அவர்.

மிசூரிக் கூட்டத்தோடு வந்திருந்த புரூயிட்டின் மச்சான் க்ரோல் சன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டான். "நேத்து இங்கதான் சாப்பிட்டேன், இங்கதான் தூங்கினேன், இங்கதான் மூத்திரம் பேஞ்சேன். இதுக்கு மேல என்னய்யா குடியிருக்கணும்?"

கூட்டம் சிரித்தது. தார்லி சிரிக்கவில்லை. நாலு பேர் சுவருக்கடியில் கம்பத்தைக் கொடுத்து நெம்பினார்கள், வீடு கிறீச்சிட்டது. பெட்டியை அணைத்தபடி வாசலுக்கு வந்தவரின் தாடையில் துப்பாக்கிக் கட்டையால் ஒரே இடி. கீழே விழுந்தவரை பூட்ஸ் கால்கள் மிதித்தன.

ஐசம் விறகைக் கீழே போட்டான். கூட்டத்துக்குள் புகுந்து, கிழவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். அவன் செய்தது அவ்வளவுதான். க்ரோல் அவன் வயிற்றில் சுட்டான்.

"என் ஆளைச் சுட நீ யாருடா?" என்று புரூயிட் பாய்ந்தான். "உழவுக்கு நான் எங்க போவேன்?"

தன் பண்ணையிலிருந்து ஒருத்தனை அனுப்புவதாக க்ரோல் சொன்னான். சமாதானமானார்கள். ஓட்டுப்பதிவு தொடர்ந்தது. கெசாயாவைக் கறி வறுக்கச் சொன்னார்கள். வண்டியடியில் கிடந்த ஐசமுக்கு இரண்டு தடவை தண்ணீர் கொண்டுபோனாள். மூன்றாம் தடவை விடவில்லை. உச்சிப்பொழுதுக்குள் உயிர் போய்விட்டது.

அதன்பின் புரூயிட் எங்கே போனாலும் அவள் கண் அவன் மேலேயே இருந்தது. அந்தப் பார்வை புரூயிட்டுக்குப் பிடிக்கவில்லை, விற்றுவிட முடிவுசெய்தான். மூன்று வாரம் கழித்து, அவன் மாவு அரைக்கப் போயிருந்த முற்பகலில், அவளைச் சந்தைக்குக் கொண்டுபோக க்ரோல் கயிற்றோடு வந்தான். அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"கையை நீட்டு," என்றான். "உன் புருஷன் மாதிரி முட்டாளா இருக்காத."

கோடாலியின் முதல் வெட்டு அவன் தோளில் இறங்கியது. அவன் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. இரண்டாவது வெட்டில் அந்த மணிக்கட்டு தொங்கியது. மூன்றாவது கழுத்தில். அதற்குப் பிறகும் வெட்டினாள். கோடாலிப்பிடி வழுக்கியபோதுதான் நிறுத்தினாள். அவனுடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, நாய்களுக்கு மோப்பம் கிடைக்காமலிருக்க ஓடைத் தண்ணீரிலேயே நாலு மைல் நடந்து தார்லி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தார்லியின் மனைவி லொவினா வழிவிடவில்லை. "அடிமை வேண்டாம்ங்கறவங்கதான் நாங்க. ஆனா எங்க ஆளுங்கள்ல பாதிப்பேர் கறுப்பு முகமே இங்க வேண்டாம்ங்கறாங்க. உன்னை உள்ள விட்டா ரெண்டு பக்கத்துக்காரனும் எங்களைக் கொளுத்துவான்."

"உங்க வீட்டுக்காரரைத் தூக்கிவிட்டதுக்குத்தாம்மா அவனைச் சுட்டாங்க," என்றாள் கெசாயா. "வேற ஒண்ணுக்கும் இல்ல."

தாடையில் கட்டோடு இருந்த தார்லியால் பேச முடியாது. எழுந்துபோய் வண்டியில் மாட்டைப் பூட்டினார். பச்சைத் தோல்களுக்கடியில் ஆறு நாள் படுத்தபடி அவள் அடிமைமுறை இல்லாத அயோவா போய்ச் சேர்ந்தாள். திரும்பும் வழியில் மிசூரிக்காரர்கள் தார்லியை மடக்கி, அவருடைய வண்டிக் கயிற்றிலேயே மரத்தில் தொங்கவிட்டார்கள். வீட்டையும் கொளுத்தினார்கள். லொவினா உயிர்தப்பி ஓகையோ போனாள்.

கெசாயா அயோவாவிலிருந்து கனடா போய்ச் சலவைக்காரியானாள், ஒரு தச்சனைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பெண்கள் பிறந்தார்கள். செய்த கொலைக்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும்படி சபைப் போதகர் பலதடவை சொல்லிப்பார்த்தார். தார்லிக்காக எத்தனை நேரம் வேண்டுமானாலும் முழந்தாளிடுவதாக அவள் சொன்னாள். க்ரோலுக்காக அவள் ஒருநாளும் முழந்தாளிடவில்லை.