நல்ல சேதி மட்டும்

எங்கள் பஸ் டிப்போவின் டைம் கீப்பருக்கு நாங்கள் வைத்த பெயர் நல்லசேதி. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று மைக்கில் கூப்பிடுவதுதான் அவர் வேலை. ஆனால் யாருக்காவது குழந்தை பிறந்தாலும், கேட்ட லீவு கிடைத்தாலும், தொண்டையைச் செருமிக்கொண்டு அதையும் சொல்லிவிடுவார். கெட்ட சேதி மட்டும் அவர் வாயில் வராது. அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். போர்டை எங்கள் ஆட்கள் யாரும் படிப்பதில்லை, அதன் கீழே பைக் நிறுத்துவார்கள். நல்லசேதி சொல்லவில்லையா, அப்படியென்றால் ஒன்றும் நடக்கப்போவதில்லை. எங்கள் கணக்கு அதுதான்.

நான் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் பார்க்கிறவன். அவர்மேல் எனக்குப் பிரியமும் உண்டு, எரிச்சலும் உண்டு. பல்வலியில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கும்போதுகூட, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "பிரமாதம்" என்பார். இப்படியும் ஒரு மனுஷன் இருக்கலாமா?

புதிதாக வந்த மேனேஜரம்மா முரட்டு ஆள் இல்லை. டிப்போவின் பாதி வண்டிகளை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு டிப்போவுக்கு மாற்றப் போவதாக மேலிடம் முடிவு செய்திருந்தது. வண்டியோடு ஆட்களும் போக வேண்டும். வீட்டில் நோயாளி, கைக்குழந்தை என்று கஷ்டம் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தன்னிடம் வந்து சொன்னால் இங்கேயே வைத்துக்கொள்வதாக அந்த அம்மா சொன்னார். அதற்குப் பிறகு பெயர்கள் மேலே போய்விடும், மாற்ற முடியாது.

நல்லசேதியைக் கூப்பிட்டு, "நீங்க சொன்னாதான் எல்லாரும் நம்புவாங்களாம். நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

திங்கட்கிழமை இவர் மைக்கைப் பிடித்தார். "ஒரு நல்ல சேதி. நமக்குப் புது வண்டிங்க வருது. ஓய்வறைக்குப் புது ஃபேன் போடப் போறாங்க." எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டின கூட்டத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். அந்த நாளை வரவேயில்லை.

வியாழக்கிழமை அவருடைய மச்சான் வந்து நின்றான். மனைவியின் தம்பி, எங்கள் டிப்போவில் டிரைவர், கல்யாணம் ஆகாதவன். அவன் அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார். நல்லசேதியின் மனைவி வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவாள். அதனால் மத்தியான டிரிப் முடிந்ததும் மச்சான்தான் ஓடிப்போய் அப்பாவுக்குச் சோறூட்டி, துடைத்து, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வருவான். வீடு டிப்போவுக்குப் பின்தெருவில் இருந்ததால் அது முடிந்தது.

"மாமா, நம்மள எங்கயோ மாத்தப் போறாங்கன்னு ஷெட்ல பேசிக்கிறாங்களே, உண்மையா?"

நான் பக்கத்தில்தான் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தேன். நல்லசேதியின் காது மடல் சிவந்தது.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லடா. போய் வண்டிய எடு."

மாமா சொன்னால் சரி என்று அவனும் விசிலடித்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை நாலு மணி தாண்டி மேனேஜரம்மா படியிறங்கி வந்தார். முகத்தில் நிம்மதி. "ஒருத்தர்கூட வரலையே! இவ்ளோ ஒத்துழைப்பு இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. அனுப்பிடட்டுமா?"

நல்லசேதி மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். இந்தத் தடவை செருமக்கூட இல்லை.

அவ்வளவுதான், டிப்போ கொதித்துவிட்டது. வேலையை அப்படியப்படியே போட்டுவிட்டு எல்லோரும் பெயர் கொடுக்க மாடிப்படிக்கு ஓடினார்கள். ஒரு கண்டக்டர் அம்மா அவர் சட்டையைப் பிடித்தே கேட்டாள்: "நாலு நாளா ஃபேன் கதை சொல்லிட்டிருந்தியேய்யா, இதச் சொல்ல வாய் வரலையா?" மேனேஜரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார், அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அப்போது டிப்போவில் இருந்தவர்கள் பாதிப்பேர்தான். மீதிப்பேர் ரோட்டில் இருந்தார்கள், மச்சானும் அதில் ஒருவன். டியூட்டியில் போன் கூடாது என்பதால் எல்லோருடைய போனும் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. மேனேஜரம்மா மேலிடத்துக்குப் போன் போட்டு அவகாசம் கேட்டார், கெஞ்சினார் என்றே சொல்லலாம். கிடைக்கவில்லை. ஐந்து மணிக்குச் சற்று முன்னால் நல்லசேதியைக் கூப்பிட்டார்.

"ரோட்டுல இருக்கிறவங்கள்ல யாருக்கு என்ன கஷ்டம்னு உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. உங்க வார்த்தைய வச்சு எழுதிக்கிறேன்."

மற்றவர்கள் கஷ்டம் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. நல்லதை மட்டும் சொல்கிறவரிடம் நாங்களும் நல்லதை மட்டுமே சொல்லி வந்திருக்கிறோம். யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார், யாருக்கு என்ன முடியவில்லை, ஒருவர்கூட அவரிடம் அழுததில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே கஷ்டம் மச்சானுடையது.

படிக்கட்டு நிறைய ஆட்கள். அந்தக் கண்டக்டர் அம்மா, "என் வீட்டுக்காரரும் ரோட்டுலதான் இருக்காரு. உன் மச்சானுக்கு மட்டும் சொல்லிட்டு எறங்கிடாத" என்றாள். அவள் கணவருக்காக அவளே சொல்லிக்கொண்டாள். வீட்டு ஆளோ டைம் கீப்பரோ சொன்னால்தான் எழுதுவார்கள், மற்றவர்களுக்காகச் சொல்ல அப்படி யாருமில்லை. மச்சானுக்கு மட்டும் கேட்பது நியாயமில்லை என்று நல்லசேதி தலையைக் குனிந்துகொண்டார். பெயர்கள் போய்விட்டன.

அங்கேயாவது வாயைத் திறந்திருக்கலாம். நியாயம் பார்க்க வேண்டிய நாள் திங்கட்கிழமை, வெள்ளிக்கிழமை அல்ல. எனக்கு இன்றைக்கும் அதில் கோபம்தான்.

மச்சான் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தியதும் இவரே ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். "உன்னை மாத்திட்டாங்கடா. திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும், சொல்லல. இப்போ உனக்காகப் பேச ஒரு வாய்ப்பு கெடச்சுது. அப்பவும் பேசல."

அவன் வண்டியை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தான். அப்புறம் ஒன்றுதான் கேட்டான்.

"மத்தியானம் அப்பாவ யாரு பாத்துக்குவாங்க?"

"நான்."

மச்சான் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் போனான். அவன் மறுகோடிக்குப் போன முதல் நாள், மத்தியானம் நல்லசேதி கிளம்பினார். தூக்கிப் பழக்கமில்லாதவர் என்று ஒரு கை பிடிக்க நானும் கூடப் போனேன். கிழவருக்கு உடம்புதான் விழுந்துவிட்டது, பேச்சும் நினைவும் தெளிவு. மச்சான் அவரிடம் ஒன்றும் சொல்லாமலே போயிருக்கிறான் போல, எங்களைத் தாண்டி வாசலையே பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்களா வந்திருக்கீங்க? பையன் எங்க?"

'நல்ல சேதி மாமா, பெரிய டிப்போவுக்குப் போயிருக்கான்' என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. ஆரம்பிக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபேனிலிருந்து படிக்கட்டு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். கிழவர் கடைசிவரை கேட்டார். ஊட்டிய சோற்றையும் முழுக்கச் சாப்பிட்டார். துடைத்துவிட்ட பிறகு மெல்லச் சொன்னார்:

"என்னை அந்தப் பக்கமா திருப்பி விடுங்க மாப்பிள்ளை. உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். நல்லசேதி மாமனாரின் தோளுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்து, வலிக்காமல், சுவரைப் பார்க்கத் திருப்பிப் படுக்க வைத்தார்.