தொட்டித் தண்ணீர்

கவிழ்த்த மூங்கில் கூடைக்குள்ளிருந்து செம்மறிக் குட்டிகள் கத்துகிற சத்தம் எனக்கு ஆகாது. எங்கே கேட்டாலும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். எனக்கு ஆட்டு வாடை பிடிக்காது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். பாடாலூருக்குக் கிழக்கே எங்களுக்குக் கரிசல் காடு. தை மாதம் சோளம் அறுத்ததும் அப்பா கிடை போடச் சொல்வார். ஆட்டுக்காரர் மந்தையோடு வந்து ராத்திரியில் நிலத்தில் அடைத்துவைப்பார். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். பகலில் அக்கம்பக்கத்தில் மேய்ச்சல், உச்சிப்பொழுதில் எங்கள் கிணற்றடித் தொட்டியில் தண்ணீர். ஐம்பது வயது மனிதர். அந்த மந்தையைத் தவிர அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. குட்டி போட்ட தாய்களைத்தான் முதலில் தண்ணீருக்கு விடுவார். பால் கொடுப்பவளுக்குத்தான் தாகம் அதிகம் என்பார். சோளம் அறுத்த கட்டையில் துளிர்க்கிற பச்சையை மட்டும் மேய விடமாட்டார். அந்தத் துளிரில் விஷம் உண்டு, தின்ற ஆடு தண்ணீர் குடித்ததும் விழுந்துவிடும்.

நான் படிப்பை விட்டுவிட்டு விவசாயத்தில் இறங்கிய முதல் வருஷம். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு வேறு. அன்று காலை பருத்திக்குக் காய்ப்புழு மருந்து அடித்துவிட்டு, தெளிப்பானைத் தொட்டிக்குள்ளேயே முக்கிக் கழுவினேன். அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டு, மோட்டார் போட்டுப் புதிதாக நிரப்பலாம் என்று போனால் கரண்ட் இல்லை. தொட்டி காலியாகக் கிடந்தால் அப்பா திட்டுவார். கரண்ட் வரட்டும் என்று, மருந்துத் தண்ணீரைத் திறக்காமல் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது தாயாடுகள் அத்தனையும் தொட்டியைச் சுற்றி வாயில் நுரை தள்ளி, காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. மிச்ச மந்தையை ஆட்டுக்காரர் கம்பைக் குறுக்கே நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று அப்பா பதறினார்.

"காலையில செத்த நேரம் அசந்துட்டேங்க. சோளக் கட்டைக்குள்ள பூந்துடுச்சுங்க. நாந்தாங்க கொன்னுட்டேன்."

நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். "செத்த ஆடு வாய் வச்ச தண்ணி, வேணாம்" என்று சொல்லி, தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டேன். தண்ணீர் வாய்க்காலில் ஓடி மறையும் வரை அங்கேயே நின்றேன்.

அவர் சம்சாரம் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது. "கண்ண எங்கய்யா வச்சிருந்த?" என்று கேட்டது. அவர் கூடையைத் தூக்கியதும், உள்ளே அடைத்திருந்த குட்டிகள் ஓடிப்போய்ச் செத்த மடியை முட்டி முட்டிப் பால் தேடின. ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தார்கள். பாலில்லாமல் குட்டிகளும் ஒவ்வொன்றாகப் போயின. மிஞ்சியதை விற்றுவிட்டு, ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போனார். கிளம்பும்போது, "ஒங்க காட்டுல இப்புடி ஆயிப்போச்சு, மனசுல வச்சுக்காதீங்க" என்று அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆறேழு வருஷம் கழித்து அவரைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பக்கத்தில் போனேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என் பொஞ்சாதிகூட இன்னும் அதச் சொல்லிக் காட்டுறா. அன்னிக்கு என்னை ஒரு வார்த்தை பேசாதவர் நீங்க ஒருத்தர்தான்."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.