மூன்றாம் எண்ணில் இருந்த தாலி

என் மனைவியின் தாலிக்கொடி மெர்சிங் கடற்கரையில் அறுந்து விழுந்து தொலைந்தது. தண்ணீருக்குள் வரமாட்டேன் என்றவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனவன் நான். அன்று முதல் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டிக்கொண்டாள். சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தவள். வேறு தாலி செய்யலாம் என்றேன்.

"போவும்போது அதுதான் என் கழுத்துல இருக்கணுங்க. வேற வேணாம்."

உலோகம் தேடும் கருவி ஒன்று வாங்கினேன். மெல்லிய ஒலி என் காதுக்கு எட்டாது. ஆகவே கருவி என் கையில், ஹெட்ஃபோன் அவள் காதில். அவளும் அவள் தங்கையும் ஒரே முகூர்த்தத்தில் மணமானவர்கள். ஒரே ஆசாரி, ஒரே அச்சில் செய்த தாலிகள். தங்கையின் தாலியைக் காட்டிக் கருவியைப் பழக்கலாம் என்றாள். ஆனால் கணவன் உயிரோடிருக்க அதைக் கழற்றுவார்களா? சிகாமட்டிலிருந்து வந்த தங்கை, தாலியோடு ஈர மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"அக்கா, மெஷினு என்னையே தங்கக்கட்டின்னு நெனைக்கப் போவுது."

"உன் எடைய பாத்து அது பயந்துரும். ஆடாம படு."

அரை நாள் ஆயிற்று. உப்பு மணலின் இரைச்சல் அடங்கி, தாலி மட்டும் தனியாக ஒலிக்கும் வரை என் மனைவி பொத்தான்களை அழுத்தினாள். அந்த அளவுகளைக் கருவியின் நினைவில் மூன்றாம் எண்ணில் சேமித்துவிட்டு, "இதெல்லாம் எழுதி வைங்க" என்றாள். முப்பது ஆண்டுகள் நில அளவையாளனாக இருந்தவன் நான். அவள் வைத்த அளவுகளை அளவுகளாக மதிக்கவில்லை. எழுதவில்லை.

ஒரு மழையில் கருவிக்குள் தண்ணீர் புகுந்தது. ஜொகூர் பாருவில் பழுதுபார்ப்பவர் கேட்டார்: "அங்கிள், போர்டு மாத்துனா உள்ள இருக்கற செட்டிங் எல்லாம் போயிரும். குறிச்சு வச்சுட்டு மாத்தவா? நாளைக்கு ஆவும்."

"அதுல ஒன்னும் இல்லலா. இன்னிக்கே முடிங்க."

இன்னொரு நாள் பயணத்துக்குச் சோம்பல். அவ்வளவுதான் காரணம்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "மூணாம் நம்பர் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். அவளுக்கு அப்போது கடற்கரை வரை வர உடம்பு இடங்கொடுக்கவில்லை. தனியாகப் போய், தேடியதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் தங்கையின் கணவர் இறந்துபோனார். கழற்றிய தாலி சில வாரங்கள் ஒரு டப்பாவில் கிடந்தது. பிறகு தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"அத்தான், இத உருக்கிப் பேத்திக்கு வளையல் செய்யலாம்னு இருக்கேன். மெஷினுக்கு வேணுமா?"

மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா. அதான் மெஷின்ல இருக்கே" என்றேன்.

சில மாதங்கள் கழித்து, என்னால் மறுக்க முடியாதபடி அவள் கிளம்பினாள். நீர் வடிந்த நேரம், இறுகிய மணலில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் போனேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சிறிது நேரம் கேட்டாள். ஒலித்த இடங்களில் தோண்டினேன்: டின் மூடி, தூண்டில் ஈயம், துருப்பிடித்த ஆணி.

"எல்லாத்துக்கும் கத்துதுங்க. இது நான் வச்சது இல்ல. எப்ப போச்சு?"

சொன்னேன். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அதன் பிறகு அவள் தாலியைப் பற்றிப் பேசவில்லை. இறந்த அன்று பெண்கள் அவளைக் குளிப்பாட்டி, கழுத்திலிருந்த பழைய மஞ்சள் கயிற்றை எடுத்துவிட்டுப் புதுக்கயிறு கட்டச் சொன்னார்கள். கட்டினேன். தங்கை, பேத்தியை வெளியே அனுப்பிவிட்டாள். அந்தக் குழந்தையின் கையில் அந்த வளையல் இருந்தது.