பல் சுடும் அடுப்பு

ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்கட்டும். ஓடிப்போகிறவள் காலை பத்து மணிக்கு, ஊரே பார்க்க, மூன்று மாடிப் படியிலும் பெட்டியை இடித்து இடித்து இறக்கிக்கொண்டு போவாளா? இரண்டாம் மாடிக்காரி எதிரே வந்து, "எங்கம்மா, பெட்டியும் கையுமா?" என்று கேட்டதற்கு, "அடுப்பைப் பாக்கப் போறேங்க்கா" என்று சொன்னாளாம். ஏன், மாமியார் வீட்டில் அடுப்பு இல்லையா என்று அந்த அம்மாள் ஒரு வாரமாகக் கட்டடம் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிகிறாள். இருக்கிறது, நன்றாகவே எரிகிறது. என் மருமகள் பார்க்கப் போனது பல் சுடுகிற அடுப்பு.

அவள் பல் கட்டுகிறவள். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் லேபில் உட்கார்ந்து பீங்கான் மாவைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் துளித்துளியாக ஏற்றி, பல்லாக்கி, அடுப்பில் வைத்துச் சுடுவாள். பக்கத்துப் பல்லோடு நிறம் சேரவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. பதினான்கு வருடம் இப்படி. வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணெல்லாம் வெள்ளையாக இருக்கும், கண் இரண்டும் சிவந்திருக்கும். என் வாயில் இருக்கிற பல் செட்டும் அவள் கைவேலைதான். நான் முறுக்கிக்கொண்டு பேசுவதெல்லாம் அவள் கொடுத்த பல்லில்தான்.

ஒருநாள் சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கிறாள். அந்த லேப் முதலாளி சிரித்துக்கொண்டே, "அடுப்பு என்னுது. அப்போ பல்லும் என்னுதுதானே? நீ நடுவுல பிரஷ் பிடிக்கிற, அவ்வளவுதான்" என்றானாம். அன்றைக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அத்தை, சொந்தமா ஒரு அடுப்பு வாங்கணும்" என்றாள். வேறு எதையும் அவள் இந்த வீட்டில் கேட்டதில்லை.

புதுசு வாங்க எங்கள் மூன்று பேரை விற்றாலும் ஆகாது. பழைய அடுப்புகள் போனிலேயே ஏலத்துக்கு வருகின்றன என்று யாரோ சொன்னார்கள். மூடிப்போன லேப், நொடித்துப்போன ஆஸ்பத்திரி, இவற்றின் சாமான்களைப் படம் பிடித்துப் போட்டு, இத்தனாம் தேதி இத்தனை மணிக்கு முடியும் என்பார்கள். முன்பணம் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பிடித்தது சனி.

முதல் அடுப்புக்கு இவள் வெள்ளை மனதோடு நான்கு நாள் முன்னதாகவே தன் விலையைச் சொல்லிவிட்டாள். எறும்பு மாதிரி ஒவ்வொருவனாக வந்து அதற்கு மேல் ஏறிக்கொண்டான். கடைசியில் ஒரே ஒரு ஐந்நூறில் கைவிட்டுப் போனது. "மூஞ்சியக் காட்டியிருக்கக் கூடாது அத்தை" என்றாள்.

இரண்டாவதுக்குத் தந்திரம் பண்ணினாள். கடைசிப் பத்து விநாடி வரை மூச்சு விடாமல் இருந்து, சட்டென்று கேட்டாள். அங்கேதான் அவர்களுடைய சூது. கடைசி நேரத்தில் யார் கேட்டாலும் ஏலம் தானாக ஐந்து நிமிடம் நீளுமாம். நீண்டது, நீண்டது, ஒன்றரை மணி நேரம் நீண்டது. வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். போனில் சார்ஜ் தீர்ந்தது, அடுப்பும் போனது. அவள் அங்கே தனியாகச் சிரித்துக்கொண்டும் தலையில் அடித்துக்கொண்டும் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான், "எவனோடயோ பேசுறா" என்று கிளப்பிவிட்டார்கள். எவனோடு? சார்ஜரோடு!

மூன்றாவதில் தன் உச்ச விலையைப் போனிடமே சொல்லி வைத்தாள். தேவைப்படுகிற அளவுக்கு அதுவே ஏற்றிக் கேட்குமாம். யாரோ ஒருவன் சுரண்டிச் சுரண்டி அவள் உச்சியைத் தொட்டு, ஒரு படி மேலே போய் நின்றுவிட்டான். மறுவாரம் அதே அடுப்பு மறுபடி ஏலத்துக்கு வந்தது. கதவோரம் நசுங்கியிருந்ததை வைத்து அவள் கண்டுபிடித்தாள். விற்கிறவனே ஆள் வைத்து ஏற்றியிருக்கிறான். எங்கே போய்ச் சொல்ல? அன்றைக்கு என் மகன், லிஃப்ட் மெக்கானிக், பொறுமை போய்க் கத்திவிட்டான். "இனிமே இந்த வீட்ல ஏலப் பேச்சே வேணாம்! நீ இளைக்கிறதைப் பாக்க முடியல." அதன் பிறகு அவர்கள் இருவரும் அந்த வார்த்தையைத் தொடவில்லை.

அவனிடம் சொல்லாமல் அவள் நாலாவது ஒன்றைப் பார்த்து வைத்தாள். தூரத்து ஊரில் பல் கட்டுகிற ஒருவர் இறந்துபோய், அவர் மனைவி விற்கிறார். முடிகிற நேரம் பகல் மூன்று மணி. லேபில் போனை வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"நீங்க இருக்கீங்களே அத்தை" என்றாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதேடி."

"எண் தெரியுமில்ல? சிவப்பு வந்தா நம்மளத் தாண்டிட்டாங்கன்னு அர்த்தம். பச்சையை அமுக்குங்க. நாப்பத்தி எட்டாயிரத்துக்கு மேல மட்டும் கை வைக்காதீங்க, என்ன?"

அந்த எண்ணைக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி என் மடியில் வைத்துவிட்டு, தன் போனையும் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

நானும் படியில் போய் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குள் மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள். ஒருவன் மட்டும் விடவில்லை. நான் பச்சை, அவன் சிவப்பு. நான் பச்சை, அவன் சிவப்பு. நாற்பத்தி எட்டு வந்தது. மடியில் அட்டையைப் பார்த்தேன். "அடுப்பு என்னுது" என்று அந்த முதலாளி சிரித்தது காதில் விழுந்தது. அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். "யாருடா நீ, விளங்காம போறவனே, உனக்கும் எனக்கும் என்னடா பகை?" என்று திட்டித் திட்டி அமுக்கினேன். நாலரை மணிக்கு அவன் ஓய்ந்தான். அறுபத்தி ஓராயிரத்தில் அடுப்பு எங்களுக்கு.

ஆறு மணிக்கு மகன் வந்தான். முகம் தொங்கிக் கிடந்தது.

"அம்மா, அவகிட்ட சொல்லாதீங்க. இன்னிக்கு ஒரு அடுப்பு ஏலம். அவ போனு பெட்டிக்குள்ள இருக்குமே, பாவம் விட்டுருவாளேன்னு நானே முன்பணம் கட்டி, லிஃப்ட் மேல உக்காந்து கேட்டேன். ஒரு சனியன் விடவே மாட்டேன்னுருச்சும்மா. அறுபது வரைக்கும் போயிட்டேன்."

மடியிலிருந்த அவள் போனை எடுத்துக் காட்டினேன்.

"அந்தச் சனியன் நான்தான்டா" என்றேன்.

நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து எங்கள் அடுப்பை எங்களுக்கே விலை ஏற்றியிருக்கிறோம். நான் திட்டியது நான் பெற்ற பிள்ளையை.

அவள் வந்தாள். சொன்னோம். கத்துவாள் என்று பார்த்தேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். "லாரிக்கும் வயரிங்குக்கும் ஒதுக்கி வெச்சதும் இதுல போச்சே" என்றாள், அவ்வளவுதான். ஏழு நாளுக்குள் மீதியைக் கட்டி, யார் பேரில் எடுத்ததோ அவரே நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முன்பணமும் போகும், அடுப்பும் போகும். மகன் மூலையில் உட்கார்ந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் விற்கிற அம்மாவுக்குப் போன் போட்டாள். கொஞ்சம் தவணை கேட்கத்தான் போட்டாள். அந்த அம்மாவோ, அடுப்பு இருக்கிற அறை காலியாகத்தான் கிடக்கிறது, கரண்ட் லைன் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஊரில் நாலு டாக்டர்கள் பல்லுக்கு ஆளில்லாமல் வெளியூருக்கு அனுப்புகிறார்கள், வாடகையை வேலை ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். அடுப்பு இங்கே வராது. அப்படியென்றால் அவள்தான் அங்கே போக வேண்டும்.

என் மகன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு அங்க வேலை கிடைக்கிற வரைக்கும் லீவு நாள்ல வர்றேன். நீ போ" என்றான். இதைத்தான் புருஷன் விரட்டிவிட்டான் என்கிறீர்கள்.

லேபில் போய் வேலையை விடுகிறேன் என்று சொன்னாள். தன் காசில் வாங்கின இரண்டு தூரிகைகளை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். பதினான்கு வருடத்துக்கு அதுதான் மிச்சம்.

போகிற அன்று, நான் வாசலில் நின்று தாடையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். "உறுத்துதா? கழட்டுங்க" என்றாள். செருப்பைக் கழற்றி வைத்தாள், பெட்டியைத் திறந்தாள், உப்புத்தாளை எடுத்தாள், படியில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து கீழ் வரிசையின் ஓரத்தைத் தேய்த்தாள். கழுவிக் கொடுத்தாள்.

"கடிச்சுப் பாருங்க அத்தை."

கடித்தேன். இன்னும் கொஞ்சம் உறுத்தியது. சொன்னால் மறுபடி உட்கார்ந்துவிடுவாள், பஸ் போய்விடும்.

"சரியா இருக்குடி, கிளம்பு" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.