கரண்டியில் நிற்கும் பதம்

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு எங்கள் சீனச் சாப்பாட்டுப் பார்சல் கடையில் அடிக்கும் முதல் போன் எம்ரிஸுடையது. பத்தொன்பது வருஷம் அப்படித்தான். பாதிச் சோறு, பாதி சிப்ஸ் என்கிற தடித்த உருளைக்கிழங்கு வறுவல், எல்லாவற்றுக்கும் மேலே கறி சாஸ். ஆனால் அதையெல்லாம் அவர் சொல்ல மாட்டார். "லின், நாந்தான்" என்பார். "தெரியுது, வை" என்பேன். என் பெயர் லாய் குவென். கல்யாணமாகி ஹாங்காங்கிலிருந்து இந்த வேல்ஸ் பள்ளத்தாக்குக்கு வந்த முதல் வாரமே ஊர்க்காரர்கள் அதை லின் ஆக்கிவிட்டார்கள்.

பார்சலை வாங்க வருவது அவர் மனைவி நெஸ்டா. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தாள். எவ்வளவு மழை பெய்தாலும் குடை எடுக்க மாட்டாள். கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "இந்தாளு என்னைக் கட்டுனதே இதை வாங்கியாற ஆள் வேணும்னுதான்" என்பாள்.

ஒரு பிப்ரவரியில் போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. எம்ரிஸ் குளியலறையில் விழுந்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. மூளையின் அடித்தண்டில் அடைப்பு. முப்பது வருஷம் கூரை வேய்ந்த மனிதர். புத்தி பழையபடியே தெளிவாக இருந்தது. பேச்சும் நடையும் விழுங்கும் சக்தியும் போய்விட்டன. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நெஸ்டாவுக்கு அங்கே ஒரு பெண் பாடம் நடத்தி அனுப்பியிருந்தாள். அவர் வாயில் போடுவது எதிலும் கட்டி இருக்கக் கூடாது. கரண்டியில் எடுத்தால் நிற்க வேண்டும், சாய்த்தால் ஒரே திரளாக விழ வேண்டும். நீர்த்தால் நுரையீரலுக்குப் போய்விடும், இறுகினால் தொண்டையில் நின்றுவிடும். டீயைக்கூடக் கெட்டியாக்கும் பொடி போட்டுக் கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கூழைக் கண்டாலே எம்ரிஸ் உதட்டை இறுக்கிக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடை திறக்காத நேரத்தில், நெஸ்டா பின்வாசல் வழியாக வந்தாள்.

"லின், உன் கறி சாஸை எப்படிப் பண்றே? நான் வீட்ல மூணு தடவ பண்ணிட்டேன். பச்ச மாவு வாசம் அடிக்குது. ஒரு வாய் வெச்சுட்டு என்னையே பாக்குறாரு. கல்யாணமான புதுசுல என் சமையலுக்குப் பாத்த அதே பார்வ."

எனக்குக் காது சுட்டது. "நெஸ்டா, அது வாளியில வர்ற விழுது. கொதிதண்ணி ஊத்திக் கரைக்கிறேன். அவ்வளவுதான்."

"பத்தொம்பது வருஷமாவா?"

"பன்னெண்டு வருஷமா. அதுக்கு முன்னாடி நானே பண்ணேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். கையோடு ஒரு டப்பா விழுது கொடுத்தேன். வேண்டாம் என்றாள். அதில் வெங்காயத் துண்டு கிடக்கும், உப்பும் அதிகம். இரண்டும் அவருக்கு ஆகாது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வெங்காயத்தை நிறைய அரிந்து, சின்னத் தீயில் அரைமணி நேரம், சிவக்கவிடாமல் குழைய வதக்கினோம். பூண்டு, இஞ்சி. பிறகு மஞ்சள் கறிப்பொடி, சீனத்து ஐந்து-மசாலாப் பொடி ஒரு சிட்டிகை. மாவைப் போட்டதும் நெஸ்டா அவசரப்பட்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மாவு வறுபடட்டும். நீ தோத்தது இங்கதான்."

உப்பில்லாத கோழிச்சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, சர்க்கரையும் துளி சோயா சாஸும் விட்டு, அரைத்து, சல்லடையில் இரண்டு தடவை வடித்தோம். கரண்டியைச் சாய்த்துப் பார்த்தாள். திரளாக விழுந்தது.

எம்ரிஸ் ஆறு கரண்டி சாப்பிட நாற்பது நிமிஷம் ஆயிற்று. உதட்டை இறுக்கவில்லை.

அதிலிருந்து தினமும் அதுதான். மசித்த உருளைக்கிழங்கின்மேல் ஊற்றுவாள், அரைத்த கோழிக்கறியோடு கலப்பாள். ஆனாலும் அவர் இளைத்துக்கொண்டே போனார். மகன் டேரன் லாரி ஓட்டுகிறவன், இங்கிலாந்துப் பக்கம் ஸ்விண்டனில் குடும்பம். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருவான். அப்பாவுக்குச் சவரம் செய்வான், சுவரில் கைப்பிடி பொருத்துவான். "அடுத்த கோடைக்குள்ள நடந்துருவீங்கப்பா" என்பான்.

அக்டோபரில் எம்ரிஸ், பேச்சுக்குப் பதிலாகக் கொடுத்திருந்த எழுத்துப் பலகையை இழுத்து, இடதுகை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டார். சிப்ஸ்.

"பைத்தியமா உனக்கு? செத்துருவே" என்று நெஸ்டா அதட்டினாள்.

அவர் 'தெரியும்' என்று தொட்டார். மறுநாளும் அதையே கேட்டார். அதற்கடுத்த நாளும்.

கடைசியில் டாக்டர் வந்தார். என்னவெல்லாம் ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார். எம்ரிஸ் தலையசைத்து, தெரிந்தேதான் சாப்பிடுகிறேன் என்ற காகிதத்தில் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் போன பிறகு நெஸ்டாவைக் கூப்பிட்டுப் பலகையைத் தொட்டார். டேரனுக்குச் சொல்லாதே.

அந்த வெள்ளிக்கிழமை நெஸ்டா போன் செய்தாள். "சிப்ஸ் மட்டும் குடு, லின். சாஸ் நான் பண்ணிட்டேன்." நானே எடுத்துக்கொண்டு போனேன். மொறுமொறுப்பைச் சீவி எறிந்துவிட்டு, உள்சதையைச் சின்னதாக நறுக்கி, சாஸில் ஊறவைத்துக் கொடுத்தாள். ஐந்து துண்டு தின்றார். முகம் நீலமாகும்வரை இருமினார். இருமல் நின்றதும் இன்னொன்று என்று விரலைக் காட்டினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நெஸ்டா நின்றாள்.

ஐந்து வெள்ளிக்கிழமை அப்படிப் போயிற்று. பிறகு காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று எம்ரிஸ் முன்பே எழுதிக்கொடுத்திருந்தார். டேரன் ஓடி வந்தான். நான் நெஸ்டாவுக்குச் சூப் கொண்டு போயிருந்தேன். குப்பைத்தொட்டியில் எங்கள் கடை சிப்ஸ் டப்பாவை அவன் பார்த்துவிட்டான்.

"சிப்ஸா குடுத்தே?" என்று நெஸ்டாவைக் கேட்டான்.

"ஆமா."

"அவரால முழுங்க முடியாதுன்னு தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏம்மா?"

நெஸ்டா என்னைப் பார்க்கவில்லை. "எனக்குப் பாக்கப் பொறுக்கல" என்றாள்.

செவ்வாய்க்கிழமை எம்ரிஸ் இறந்தார். தேவாலயத்தில் டேரன் எதிர்வரிசையில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பேரப்பிள்ளைகள் பெயர் மட்டும் எழுதிய அட்டை வரும்.

டாக்டர் டேரனிடம் எதையும் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது. "அந்தக் காகிதத்தக் காட்டிரு நெஸ்டா" என்று ஒருநாள் சண்டையே போட்டேன்.

"காட்டுனா? அப்பன் நம்மள விட்டுட்டுப் போகணும்னே போயிட்டான்னு நெனப்பான். செத்தவன்மேல வர்ற கோவத்த எங்க கொண்டுபோய் எறக்குவான்? நான் இருக்கேன்ல. என்மேல இருந்துட்டுப் போகட்டும்."

போன ஏப்ரலில் டேரன் கடைக்கு வந்தான். வழியில் பசித்ததாம். என் முகத்தைப் பார்க்காமல் வேண்டியதைச் சொல்லி வாங்கிக்கொண்டான். கதவருகே போய் நின்று, "அம்மா இங்க வருவாங்களா?" என்றான்.

"வருவாங்க."

"நல்லாருக்காங்களா?"

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "போய்ப் பாரேன். நாலு வீடு தள்ளித்தான்" என்றேன்.

லாரியில் உட்கார்ந்து சாப்பிட்டான். வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை. பிறகு அம்மா வீட்டுப் பக்கம் திரும்பாமல் இறக்கத்தில் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

நெஸ்டாவிடம் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"எளச்சிருக்கானா?"

இல்லை என்றேன். இளைத்துத்தான் இருந்தான்.